தமிழ் விக்கிப்பீடியா: பல ஆண்டுப் புழக்கத்தில் தெரிவதும், நன்கொடை போய்ச் சேரும் இடமும்

இந்தியாவிலிருந்து ஆங்கில விக்கிப்பீடியாவைத் திறப்பவர்களுக்கு 2020 முதல் அவ்வப்போது ஒரு பதாகை வருகிறது. கட்டுரை கீழே தள்ளப்பட, மேலே நன்கொடைக் கோரிக்கை பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது. தளமே மூடப்போகிறதோ என்று பதறுபவர்கள் ஒரு பக்கம். "கோடி கோடியாக வைத்துக்கொண்டு இன்னும் கையேந்துகிறார்கள்" என்று கடுப்பாகிறவர்கள் மறுபக்கம். இரண்டுமே பாதி உண்மைதான். தமிழில் படிப்பவருக்கு இதில் கிடைப்பது என்ன, கொடுக்கும் காசு எங்கே போகிறது என்பதைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் கணக்குப் புரியும்.

தமிழ்ப் பதிப்பு 2003-இல் தொடங்கியது. 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையை வைத்துத் தரத்தை எடைபோட வேண்டாம். சட்டமன்றத் தொகுதிகள், தாவரம், விலங்கு, இலங்கை ஊர்கள், கோயில்கள், அறிவியல் கலைச்சொற்கள் ஆகியவற்றில் இது கைகொடுக்கும். தொகுதிக் கட்டுரைகளில் ஆண்டுவாரியாக வென்றவர் பட்டியலும் எல்லை விவரமும் பெரும்பாலும் இருக்கும், தமிழில் ஒரே இடத்தில் இவ்வளவும் கிடைப்பது அரிது. மருத்துவம், சட்டம், வரி ஆகியவற்றுக்கு இதை நம்பி எதுவும் செய்யக்கூடாது. அங்கே பல கட்டுரைகள் நாலு வரிக் குறுங்கட்டுரைகளாகவே நிற்கின்றன.

புதிதாக வருபவர் முதலில் தடுக்கி விழுவது தேடலில். பள்ளிப் புத்தகத்தில் 'ஹைட்ரஜன்' என்று படித்தவர் இங்கே காண்பது 'ஐதரசன்'. கிரந்தம் தவிர்க்கும் வழக்கம், இலங்கை வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு மூன்றும் கலந்து புழங்கும் இடம் இது. தெரிந்த சொற்களுக்கு வழிமாற்று (வேறு பெயரில் தேடினாலும் கட்டுரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு) இருக்கும், எல்லாவற்றுக்கும் இருக்காது. சுலபமான வழி ஒன்று உண்டு: ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழைச் சொடுக்குவது. செடி, பறவை என்றால் அறிவியல் பெயரைத் தேடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கட்டுரை இல்லை, அல்லது எழுதியவர் அதை விக்கித்தரவில் (பல மொழிக் கட்டுரைகளை ஒன்றோடொன்று இணைக்கும் தளம்) இணைக்காமல் விட்டிருக்கிறார். இரண்டாவதும் அடிக்கடி நடப்பதுதான். எண்களிலும் கவனம் வேண்டும். ஒரே கட்டுரையில் மேலே 'மில்லியன்', கீழே 'இலட்சம்' என்று வந்தால் இருவேறு கைகள் எழுதியிருக்கின்றன என்று பொருள். இரண்டு எண்ணும் ஒரே ஆண்டுக்குரியவைதானா என்று பார்க்க வேண்டும்.

கூர்ந்து பார்க்க ஒரு நல்ல மாதிரி, தமிழ்நாட்டு ஊராட்சிக் கட்டுரைகள். ஆயிரக்கணக்கில் உள்ள இவற்றில் பெரும்பாலானவை அரசுத் தரவை வைத்துத் தானியங்கி (தானே தொகுக்கும் நிரல்) மூலம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. எந்த ஒன்றியம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, மக்கள்தொகை, குடிநீர் இணைப்பு எத்தனை, கைக்குழாய் எத்தனை என்று வரிசையாக வரும். தங்கள் ஊருக்கு ஒரு பக்கம் இருப்பதைப் பார்த்து மகிழாதவர் இல்லை. ஆனால் அந்தக் கைக்குழாய்க் கணக்கு, தரவு எடுத்த ஆண்டோடு நின்றுபோன ஒன்று. மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பைச் சேர்ந்தது, சில இடங்களில் 2001. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு மாவட்டங்களும் 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தபோது, ஒவ்வொரு பக்கத்திலும் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டிய வேலை வந்து விழுந்தது. தகவல்சட்டத்தில் (பக்கத்தின் ஓரத்தில் உள்ள தகவல் பெட்டி) புதிய மாவட்டமும் உள்ளே பத்தியில் பழைய மாவட்டமும் இருந்தால் வியக்க வேண்டாம். பல பக்கங்களுக்குப் பொதுவான வார்ப்புருவை மாற்றுவது எளிது, உரைநடைக்குள் புதைந்த பெயரை ஆள் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும்.

ஒரு பக்கத்தை நம்பலாமா என்று அறிய இரண்டு நிமிடம் போதும். 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைச் சொடுக்கி, கடைசிப் பத்துத் தொகுப்புகளை (திருத்தங்களை) பாருங்கள். எல்லாம் தானியங்கி என்றால் உள்ளடக்கத்தை மனிதர் தொட்டு நாளாகிறது. அடுத்து 'உரையாடல்' பக்கம்; தகராறு இருந்தால் அங்கே தெரியும். பிறகு மேற்கோள்களில் மூன்றைத் திறந்து பாருங்கள். தமிழ் நாளிதழ்ச் சுட்டிகள்தான் முதலில் செத்துப்போகும், தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளை விட்டுவிடுவார்கள். காப்பகச் சுட்டி (சேமித்துவைத்த பிரதிக்கான இணைப்பு) சேர்க்கப்பட்டிருந்தால் தப்பித்தோம். மாணவர்கள் மேற்கோள் காட்டும்போது பக்க முகவரியைக் கொடுக்காமல், 'நிலையான இணைப்பு' என்பதைக் கொடுக்க வேண்டும். படித்த அதே பதிப்பு பிறகும் கிடைக்கும்.

எந்திர மொழிபெயர்ப்பு இன்னொரு தொல்லை. விக்கிப்பீடியாவின் மொழிபெயர்ப்புக் கருவி ஆங்கிலப் பத்தியை நொடியில் தமிழாக்கித் தரும், அப்படியே விட்டால் எச்சரிக்கவும் செய்யும். எச்சரிக்கையை ஏமாற்ற நாலு சொல்லை மட்டும் மாற்றிப் பதிப்பிடுகிறவர்கள் உண்டு. ஆற்றங்கரை 'ஆற்று வங்கி' ஆவது இப்படித்தான்.

இணையம் இல்லாத இடத்துக்குக் கிவிக்ஸ் செயலி; விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக முன்பே இறக்கி வைத்துப் படிக்கலாம். தமிழ்க் கோப்பில் படமுள்ளது, படமில்லாதது என்று வகைகள் உண்டு, பள்ளிக் கணினிக்குப் படமில்லாததே போதும். நினைவட்டை 'ஃபேட் 32' முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. பெரிய கோப்பு பாதியில் நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

சரி, பணம். தளத்தை நடத்துவது சான் பிரான்சிஸ்கோவில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளை. 2023 ஜூனுடன் முடிந்த நிதியாண்டில் வரவு சுமார் 18 கோடி டாலர், செலவு சுமார் 16.9 கோடி டாலர். அதில் சம்பளம் மட்டும் 10 கோடிக்குச் சற்று மேல். இணையச் சேவையகங்களை வைத்து நடத்தும் செலவு என்ற தலைப்பில் இருப்பது சுமார் 31 லட்சம் டாலர், அதாவது செலவாகும் 100 ரூபாயில் 2 ரூபாய்க்கும் குறைவு. கையிருப்பு 25 கோடி டாலரைத் தாண்டும். இதற்கு வெளியே 2016-இல் தொடங்கிய நிரந்தர வைப்பு நிதி ஒன்று, 2021-இல் 10 கோடி டாலரைத் தொட்டது. ஆகவே நாளைக்கே தளம் நின்றுவிடும் என்பதற்கு இடமில்லை. 2022 இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்களே பதாகை வாசகங்கள் வாசகரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகின்றன என்று வாக்கெடுத்து எதிர்த்தார்கள், அறக்கட்டளையும் வாசகத்தை மாற்றியது.

அதற்காக "2 ரூபாய்தான் நிஜச் செலவு, மீதி ஆடம்பரம்" என்பதும் சரியல்ல. சேவையகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் சம்பளத் தலைப்பில் வருகிறார், வழக்கறிஞர் கட்டணம் வேறு தலைப்பில் வருகிறது. தில்லி உயர் நீதிமன்றத்தில் 2024 முதல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கு மாதிரி ஒன்றை எதிர்கொள்ளத் தன்னார்வலரால் ஆகாது.

செலவு ஏறுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு வாசகர் பக்கத்தைத் திறந்தால் வழக்கமாகச் சிங்கப்பூரில் உள்ள, பக்கப் பிரதிகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடைச்சேமிப்பு மையத்திலிருந்து அது வந்துவிடும். அடிக்கடி படிக்கப்படும் பக்கங்கள் அங்கே தயாராக இருக்கும். யாரும் தொடாத ஒரு ஊராட்சிப் பக்கம் அங்கே இருக்காது, அமெரிக்காவின் முதன்மை மையம் வரை போய் எடுத்துவர வேண்டும், செலவு கூடுதல். (புகுபதிகை செய்தவருக்குப் பக்கம் சற்று மெதுவாகத் திறப்பதும் இதனால்தான், அவருக்கு இடைச்சேமிப்புப் பிரதி உதவாது.) செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் இழுவை எந்திரங்கள் (பக்கங்களைத் தானாகத் திறந்து எடுக்கும் நிரல்கள்) பிரபலம், பிரபலமல்லாதது என்று பார்ப்பதில்லை, ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போகின்றன. மிகுந்த செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு எந்திரங்களுடையது என்று அறக்கட்டளை 2025-இல் சொன்னது. அதே ஆண்டில் மனிதர் பார்வைகள் சுமார் 8 விழுக்காடு குறைந்ததாகவும் சொன்னது. விடை தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் கட்டுரைக்கு வருபவர் குறைவார். அவர் வராவிட்டால் பதாகையும் அவர் கண்ணில் படாது. விக்கிப்பீடியாத் தரவை மொத்தமாகக் கொடுத்துப் பெருநிறுவனங்களிடம் கட்டணம் வாங்கும் தனிச் சேவை 2021-இல் தொடங்கி, கூகுள் 2022-இல் வாடிக்கையாளரானது நியாயமான ஏற்பாடு. இருந்தும் வருமானத்தில் பெரும்பகுதி இன்னும் சிறு நன்கொடைதான்.

தமிழ்நாட்டிலிருந்து கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை சில. தமிழ்ப் பதிப்புக்கு என்று ஒதுக்கிக் கொடுக்க நன்கொடைப் பக்கத்தில் வழியில்லை, பணம் பொது நிதிக்கே போகும். அறக்கட்டளை அமெரிக்காவில் பதிவானது, எனவே நன்கொடையாளருக்கான இந்திய வருமானவரி விலக்கு (80ஜி) கிடையாது. மாதாமாதம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த தொடர்கட்டண விதிப்படி வங்கியில் முன்னொப்புதல் பதிவாக வேண்டும், பதிவாகாத அட்டையில் அடுத்த மாதம் கட்டணம் நிராகரிக்கப்படும். ஒருமுறை கொடுப்பது தலைவலி இல்லாதது. மின்னஞ்சலில் வரும் சுட்டியை நம்பாமல், தளத்திலேயே உள்ள 'நன்கொடை' இணைப்பு வழியாகவே போங்கள். பதாகையே வேண்டாம் என்றால் புகுபதிகை செய்து, 'விருப்பத்தேர்வுகள்' பக்கத்தில் பதாகைப் பிரிவில் நன்கொடைக் குறியை எடுத்துவிடலாம்.

கொடுத்த பணம் தமிழ் வேலைக்குத் திரும்பி வருமா? கொஞ்சம் வரும், சுற்றிக்கொண்டு வரும். இங்கிருந்து போன ரூபாய், அறக்கட்டளையின் நல்கையாக இந்திய அமைப்புக்குத் திரும்பும்போது வெளிநாட்டு நிதி ஆகிவிடுகிறது. அதைப் பெற அந்த அமைப்புக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு தில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் பணம் வந்திறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது.

பணம் வந்தால் கட்டுரை வளரும் என்பதற்கும் சான்று கலவையானது. 2009-ஐ ஒட்டிக் கூகுள் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தித் தமிழில் நீளநீளமான கட்டுரைகளை ஏற்றியது. தலைப்புத் தேர்விலும் நடையிலும் பழுது என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள், செப்பனிடும் சுமை அவர்கள் தலையில்தான் விழுந்தது. மாறாக, 2018-இல் தொடங்கிய வேங்கைத் திட்டம் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு மடிக்கணினியும் இணையக் கட்டணமும் கொடுத்து, இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே கட்டுரைப் போட்டி வைத்தது. 2019-20 சுற்றில் தமிழே முதலிடம். எழுதுகிறவருக்குக் கருவி வாங்கிக் கொடுத்தது பலித்தது, எழுத்தையே விலைக்கு வாங்கியது பலிக்கவில்லை.

100 ரூபாய் கொடுப்பதோடு அரை மணி நேரமும் ஒதுக்க முடிந்தவர், தம் ஊராட்சிப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 'தொகு' சொடுக்கி, பத்தியில் உள்ள பழைய மாவட்டப் பெயரை மாற்றி, மாவட்ட நிர்வாகத்தின் இணையப் பக்கத்தை மேற்கோளாகச் சேருங்கள். 'எங்கள் ஊர் அழகான ஊர்' வகை வரிகள் வேண்டாம், அவை அன்றைக்கே நீக்கப்படும். பதிப்பிடும் முன் சுருக்கப் பெட்டியில் 'மாவட்டப் பிரிப்பு 2019, சான்று சேர்ப்பு' என்று ஒரு வரி எழுதுங்கள். அண்மைய மாற்றங்களைக் காவல் காக்கிறவர் புதுப் பயனரின் தொகுப்பில் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அது வெறுமையாக இருந்தால், சரியான திருத்தமும் விஷமம் என்று எண்ணப்பட்டு மீளமைக்கப்படலாம்.