காண்டோ சுவத்துல 65 இன்ச் டிவி: டாகிள் போல்ட்டா, ப்ளைவுட்டா?
டொராண்டோ பக்கம் தனி வீட்ல இருக்கீங்கன்னா இது உங்களுக்கு இல்ல. அங்க டிரைவாலுக்குப் (ஜிப்சம் பலகைச் சுவர்) பின்னாடி பெரும்பாலும் மர ஸ்டட் (சுவத்தைத் தாங்கற செங்குத்துச் சட்டம்), 16 இன்ச்சுக்கு ஒண்ணு இருக்கும், நடுவுல பார்த்து லேக் போல்ட்டை (மரத்துல இறங்கற தடிச்ச திருகு) இறக்கினா முடிஞ்சுது. காண்டோ (அடுக்குமாடி வீடு) கதை வேற. அரை இன்ச் டிரைவால், பின்னாடி வெறும் காத்து, நடுநடுவுல அரை மில்லிமீட்டர் தகட்டை மடிச்சு செஞ்ச ஸ்டட். அதுல லேக் போல்ட் போட்டா பிடிமானமே இல்லாம சுத்திட்டே இருக்கும். எந்த ஸ்டட்னு சந்தேகமா இருந்தா சின்னதா ஒரு ஓட்டை போடுங்க, மரத்தூள் வருதா தகடு சீவலா வருதான்னு பார்த்தா தெரிஞ்சுடும்.

டாகிள் போல்ட்னா, ஓட்டைக்குள்ள போனதும் பின்பக்கம் ஒரு பட்டை குறுக்கா நின்னு பிடிச்சுக்கற போல்ட். வெறும் டிரைவால்ல டாகிள் மட்டும் போட்டு மாட்டறதை நான் கணக்குலயே எடுத்துக்கல. பாக்கெட்ல போட்டிருக்கற எடை பல சமயம் பிச்சுக்கற எடை, அதுல கால்வாசிய தான் நம்பணும். ஸ்டாண்ட்ல வைக்கறது சுலபம், ஆனா சின்னப் பசங்க இருக்கற வீடுன்னா டிவிய பட்டை போட்டு சுவத்தோட கட்டியே ஆகணும்.

மிச்சம் ரெண்டு வழி. ஒண்ணு, மவுண்ட்டை (டிவிய தாங்கற இரும்புச் சட்டம்) நேரா தகடு ஸ்டட் வழியா டாகிள் போட்டு இறுக்கறது. இன்னொண்ணு, நான் பண்ணது, மூணு ஸ்டட்டுக்கு குறுக்கா முக்கால் இன்ச் ப்ளைவுட் அடிச்சு அதுமேல மவுண்ட்.

ஏன் ப்ளைவுட்னா, எல்லாரும் டிவி எடையவே பேசறாங்க, ஆனா மேல் போல்ட்டை பிடுங்கறது எடை மட்டும் இல்ல, டிவி சுவத்துல இருந்து எவ்ளோ தூரம் தள்ளி நிக்குதுங்கறதும் தான். 25 கிலோ டிவி, மேல் போல்ட்டுக்கும் மவுண்ட்டோட கீழ் விளிம்புக்கும் 25 சென்டிமீட்டர்னு வைங்க. ஃபிக்ஸட் மவுண்ட்ல டிவி 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், இழுவை (எடை × தள்ளி இருக்கற தூரம் ÷ அந்த உயரம்) 5 கிலோ தான். அதே டிவிய கை நீளற மவுண்ட்ல 50 சென்டிமீட்டர் வெளிய இழுத்தா இழுவை 50 கிலோ, அதுவும் ரெண்டே ஸ்டட்ல, அந்தக் கையோட எடைய நான் இன்னும் சேர்க்கவே இல்ல. இப்ப 60 சென்டிமீட்டர் உயர ப்ளைவுட் போட்டா அந்த 50 ஏறக்குறைய 21 ஆயிடுது, மூணு ஸ்டட்டுக்கு பிரிச்சா ஆளுக்கு 7. இன்னொரு லாபம், ஸ்டட் எங்க இருந்தாலும் டிவிய சோஃபாக்கு நேரா நடுவுல வெக்கலாம்.

ப்ளைவுட்டுக்கும் டாகிள் தான், ஒவ்வொரு ஸ்டட்லயும் மேலயும் கீழயும். ஸ்டட் முகமே ஒண்ணேகால் இன்ச் அகலம், டாகிளுக்கு அரை இன்ச் ஓட்டை வேணும், அதனால நடுவை காந்தம் வெச்சு பொறுமையா பிடிங்க, ஓரத்துல விழுந்தா தகடு மடங்கிடும். ட்ரில்லை ஆழமா விடாதீங்க, உள்ள ஒயர் போகும். மவுண்ட் வர்ற இடத்துல டீ நட்டை (பலகைல அடிச்சு பதிக்கற, போல்ட்டை ஏத்துக்கற நட்டு) பின்பக்கமா முன்னாடியே அடிச்சுட்டு அப்புறம் ப்ளைவுட்டை மாட்டுங்க, பலகைய ஏத்தினப்புறம் அது முடியாது. சுவத்து கலர் பெயின்ட் அடிச்சா 65 இன்ச் டிவிக்குப் பின்னாடி பலகை இருக்கறதே தெரியாது. டிவி ரெண்டு சென்டிமீட்டர் முன்னாடி வரும், அவ்ளோதான்.

நான் போட்டது ஃபிக்ஸட் மவுண்ட். தினமும் இழுத்து திருப்பற கை மவுண்ட் தகடு ஸ்டட்ல வருஷக்கணக்கா எப்படி நிக்கும்னு என் அனுபவத்துல சொல்ல முடியாது, கணக்கு மட்டும் தான் சொல்றேன். வாடகை வீடுன்னா ஓட்டை போட ஓனர்கிட்டயும், பக்கத்து வீட்டோட பொதுச் சுவர்னா பில்டிங் மேனேஜ்மென்ட்கிட்டயும் கேட்டுட்டு ட்ரில்லை எடுங்க.