ஐந்து வருட விண்வெளிப் படிப்பு என்று பணம் கேட்கிறார்களா? காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோர் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ளவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நான் 85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

என் மகளுக்கு வானிலை என்றால் உயிர். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது ஆறாவது படித்தாள். விடிய விடிய எங்களோடு முழித்திருந்தவள், "புயல் இந்த வழியாத்தான் வரும்னு அவங்களுக்கு எப்படிப்பா தெரியுது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் படிப்புதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

தெரிந்தவர் ஒருவர் காரைக்குடியில் ஒரு கன்சல்டன்சிக்குக் கூட்டிப்போனார். ராக்கெட் படம் போட்ட வழவழப்பான பிரோஷர். "வளிமண்டலமும் விண்வெளியும் சேர்ந்த படிப்பு அண்ணே. டிகிரியும் மாஸ்டர் டிகிரியும் ஒண்ணா அஞ்சு வருஷம். முடிச்சதும் இஸ்ரோ வேலை. மேனேஜ்மென்ட் கோட்டாவுல ரெண்டே சீட்டுதான் பாக்கி" என்றார் கன்சல்டன்சிக்காரர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து மறுநாளே கட்டினேன். மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினல்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் சேர்த்துவிட்ட கல்லூரி திறந்த அன்று கையில் கொடுத்த டைம் டேபிளில் பி.எஸ்சி. இயற்பியல் என்று இருந்தது. துறைத் தலைவரிடம் கேட்டோம். பாவம், அவருக்கே திகைப்பு. "இங்க அஞ்சு வருஷப் படிப்பே கிடையாதும்மா. மூணு வருஷம் முடிச்சிட்டு எம்.எஸ்சி.க்கு வேற எங்கயாவது தனியா அப்ளை பண்ணணும்" என்றார். மகள் பஸ்ஸில் ஊர் வரும்வரை வாய் திறக்கவில்லை.

ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். படிப்பின் பெயரும் இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் எழுதி ஒரு சீல். பணம் கட்டும்போதே அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

இந்த மாதிரிப் படிப்பு இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் வலியமலாவில் மத்திய அரசு விண்வெளித் துறையின் ஐஐஎஸ்டி என்ற கல்வி நிறுவனம் 2007 முதல் நடக்கிறது. அங்கே ஐந்து வருட இரட்டைப் பட்டம் உண்டு. பொறியியல் இயற்பியலில் பி.டெக்., அதன்மேல் வானியற்பியல், புவி அமைப்பு அறிவியல் போன்றவற்றில் முதுநிலை. ஆனால் ஐஐடிக்கு எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் ரேங்க் இருந்தால்தான் சீட்டு. மேனேஜ்மென்ட் கோட்டா என்ற பேச்சே கிடையாது. அங்கே படிப்பவர்களுக்கே மதிப்பெண்ணும் காலியிடமும் பார்த்துத்தான் இஸ்ரோ வேலை. அப்புறம், ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். புனே ஐசரில் புவி, காலநிலை அறிவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. அதற்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு.

எந்தப் பட்டம், எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினலை விட்டுவிட்டு வராதீர்கள். சேர்ந்த கல்லூரியே அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. இடைத்தரகருக்கு ஏது உரிமை?

நான்கு நடை நடந்து, போலீசுக்குப் போவேன் என்ற பிறகுதான் ஒரிஜினல் கைக்கு வந்தது. பணத்தில் 20,000 மட்டும் திரும்பியது. மீதிக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். முந்தின வருடம் பிளஸ் டூ முடித்தவர்களும் ஐஏடி எழுதலாம் என்பதால் மகள் இப்போது வீட்டில் அதற்குத்தான் படிக்கிறாள். அதே ராக்கெட் பிரோஷரை நம்பிப் பணம் கட்டியவர்கள் ரசீதோடு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.