மக்ஷெயின் அட்டவணை: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பின் ஒரு முறையீடு

எங்கள் சபை வாலிபர் ஒருவர் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கேட்டார்: "அண்ணாச்சி, ஜனவரியிலிருந்து வேதத்தை முழுவதும் வாசிக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் வைத்திருக்கிற அந்த மக்ஷெயின் அட்டவணை நல்லதா?" நல்லது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அன்று வாசிக்காமல் விட்ட பாக்கி நினைவுக்கு வந்துவிட்டது. பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதில்தான் இது.

அட்டவணை எப்படிப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், செயின்ட் பீட்டர்ஸ் சபையின் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷெயின் 1842-ன் கடைசியில் தம் மக்களுக்காகத் தயாரித்தது. தினமும் நான்கு இடங்களில் ஏறக்குறைய ஓர் அதிகாரம் வீதம் வாசிக்க வேண்டும். இரண்டு பத்திகள் (நெடுக்கு வரிசைகள்) குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு பத்திகள் தனி ஜெபத்துக்கு. ஆண்டு முடியும்போது பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடிந்திருக்கும். ஜனவரி 1 அன்று ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் ஆகிய நான்கிலும் முதல் அதிகாரம். உலகம் தொடங்குகிறது, கிறிஸ்து பிறக்கிறார், சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்புகிறார்கள், சபை தொடங்கப்போகிறது. இவ்வளவு அழகான முதல் நாள் வேறு எந்த அட்டவணையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் நாளைக் காட்டியே ஆளை இழுத்துவிடுகிறது என்பதும் உண்மை.

என் முறையீடு ஒன்றே ஒன்றுதான்: தேதி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு தேதி அச்சாகி உட்கார்ந்திருக்கிறது. வேதம் எங்கும் போகாது, நாளைக்கும் அங்கேயே இருக்கும். தேதி மட்டும் போய்விடும். கல்யாண வீடு, அசனம் என்கிற சபை விருந்து, மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் என்று ஒரு வாரம் சிதறினால் இருபத்தெட்டு அதிகாரம் பாக்கி. கன்வென்ஷனில் உட்கார்ந்து வேதம் கேட்டதால் வேத வாசிப்பு பாக்கி விழுகிறது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? தாளில் இருந்தவரை இது எனக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த கணக்காக இருந்தது. கைபேசிச் செயலிக்கு மாறிய பிறகு நான் எத்தனை நாள் பின்தங்கியிருக்கிறேன் என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. மின்வாரியத்துக்குக்கூட அபராதத்துக்கு முன்னால் ஒரு கெடு உண்டு.

பாக்கி விழுந்துவிட்டால் வாசிப்பின் குணமே மாறிவிடுகிறது. ஏசாயாவை வாசிக்கிற மனிதன் ஏசாயாவைத் தீர்க்கிற மனிதனாகிவிடுகிறான். கண் வசனத்தில் ஓடும், மனம் மீதிப் பக்கங்களை எண்ணும்.

வேதத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பதற்கும் தேதிக்கும் ஆதியில் சம்பந்தமே இல்லை என்பதுதான் என் கோபத்துக்கு எண்ணெய். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இடங்கொடுக்கும் அளவுக்கு வாசிக்கப்படும் என்கிறார். நேரம் இடங்கொடுக்கும் அளவுக்கு! 1519 ஜனவரி 1 அன்று சூரிச்சில் சபைச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி, திருநாள் பாடங்களின் வரிசையை ஒதுக்கிவிட்டு, மத்தேயுவை முதல் வசனத்திலிருந்து வரிசையாகப் பிரசங்கிக்கத் தொடங்கினார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் கதை இன்னும் சுவையானது. 1538-ல் ஈஸ்டரை ஒட்டி ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்டார். 1541 செப்டம்பரில் திரும்பி வந்து பிரசங்க பீடத்தில் ஏறியவர், யாரையும் திட்டாமல், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். இந்த அட்டவணையின் கணக்குப்படி கால்வின் மூன்று ஆண்டுக்கு மேல் பாக்கி வைத்தவர். செயலி இருந்திருந்தால் பாவம், அவர் முகத்தில் எவ்வளவு சிவப்பு வந்திருக்கும்!

தேதியைக் கொண்டுவந்து புகுத்தியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்துச் சபையின் பேராயர் கிரான்மர். வேதாகமப் புத்தகங்களைத் தொடங்குகிறார்களே தவிர ஒன்றையும் வாசித்து முடிப்பதில்லை என்று 1549 ஜெபப்புத்தகத்தின் முன்னுரையில் அலுத்துக்கொண்டு, ஆண்டு முழுவதற்கும் நாள்வாரியாகப் பாடங்களைப் பிரித்துக் கொடுத்தார். சங்கீதங்களை மாதம் ஒரு சுற்றாக வைத்தார். ஆங்கிலிக்கன் மிஷனெரிகளோடு அந்த ஒழுங்கு திருநெல்வேலிக்கும் வந்தது. அதன்படி 15-ஆம் தேதி மாலை என்றால் 78-ஆம் சங்கீதம், எழுபத்திரண்டு வசனம். சாயங்காலப் பசியோடு அதை எதிர்கொண்டவர்களுக்குத் தெரியும் அதன் நீளம்.

மக்ஷெயினைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தம் அட்டவணையால் என்னென்ன கெடுதல் வரும் என்று அவரே முன்னுரையில் எழுதிவிட்டார்: வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். இவ்வளவு நேர்மையாகத் தன் பொருளைப் பற்றி எச்சரித்து விற்பவர் இன்று யார் இருக்கிறார்கள்? அந்த முன்னுரையை வெட்டிவிட்டுத் தேதிகளை மட்டும் நம் கையில் கொடுத்தவர்களிடம்தான் எனக்குச் சண்டை. இன்னொன்று: அட்டவணை நடைமுறைக்கு வந்த 1843-ஆம் ஆண்டிலேயே, மார்ச் 25 அன்று, மக்ஷெயின் காய்ச்சலில் இறந்துபோனார். வயது இருபத்தொன்பது. தான் போட்ட அட்டவணையில் ஓர் ஆண்டைக்கூட அவர் முடிக்கவில்லை.

சரி, இவ்வளவு எரிச்சலோடு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? ஏப்ரல் 9-க்காக.

அன்று குடும்பப் பத்தியில் லேவியராகமம் பதின்மூன்று. குஷ்டரோகச் சட்டம், ஐம்பத்தொன்பது வசனம். தடிப்பு, அசறு, வெள்ளைப்படர், ஏழுநாள் அடைத்துவைத்தல், திரும்பவும் ஏழுநாள். கோடை வெயிலில் இதை வாசித்து முடிக்கத் தனிப் பொறுமை வேண்டும். கடைசியில் அந்த மனிதன் பாளயத்துக்குப் புறம்பே தனியே குடியிருக்க வேண்டும் என்று வருகிறது. பக்கத்துப் பத்தியில் அதே நாளுக்கு 15-ஆம் சங்கீதம்: "கர்த்தாவே, யார் உம்முடைய கூடாரத்தில் தங்குவான்?" எத்தனையோ முறை பாடிக் கேட்ட சங்கீதம்தான். வெளியே தள்ளப்பட்டவனுடைய வாயிலிருந்து அந்தக் கேள்வி வருவதாக அதற்கு முன்பு ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை. மக்ஷெயின் யோசித்து இப்படி அடுக்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை; அதிகாரங்களை வரிசையாகப் போட்டதில் விழுந்த தற்செயல்தான். பிப்ரவரிக் கடைசியில் பார்வோனின் இருதயம் கடினப்பட்டுக்கொண்டிருக்கிற நாட்களில், தனி ஜெபப் பத்தியில் யோபு தன் நியாயத்தை விடாமல் பேசிக்கொண்டிருப்பதும் அப்படித்தான்.

பொறுக்கி எடுக்கிற வாசிப்பில் இது கிடைக்காது. புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளைப் பாருங்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்கிற எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் என்று எழுதியிருப்பது எந்தச் சுவரிலும் இல்லை. ஆகஸ்டு தொடக்கத்தில் அட்டவணை உங்களை அந்தப் பத்தாம் வசனத்தின் வழியாகத்தான் பதினொன்றுக்குக் கூட்டிப்போகும். சபைகளும் சங்கடமானதைத் தாண்டிப்போவது உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1970-களில் புதுப்பித்த தினசரி ஜெப ஒழுங்கில் 58, 83, 109 ஆகிய சங்கீதங்கள் இல்லை. சாபம் அதிகம் என்று விட்டுவிட்டார்கள். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

அதே ஆகஸ்டு வாரத்தில்தான் நியாயாதிபதிகள் பத்தொன்பதும் வருகிறது, அதுவும் குடும்பப் பத்தியில். ஒரு கும்பலால் சீரழிக்கப்பட்டுச் செத்த, லேவியன் ஒருவனுடைய மறுமனையாட்டியின் கதையைப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வாசிக்கச் சொன்ன போதகரின் துணிச்சலை நான் மெச்சவில்லை. எங்கள் வீட்டில் அன்று ரூத்துக்குத் தாவிவிடுவோம்.

இதில் என்னைக் குழப்புவது, ஏப்ரல் 9-ன் சந்திப்பு தேதியால்தான் நடக்கிறது என்பது. ஒரு பத்தியில் நான்கு நாள் பின்தங்கினால் லேவியராகமம் ஓரிடம், சங்கீதம் ஓரிடம். மந்தை எந்த மேய்ச்சலில் இருக்கிறதென்று மேய்ப்பனுக்குத் தெரியும் என்று மக்ஷெயின் சொன்ன நன்மையும் தேதி இருந்தால்தான் கிடைக்கும். அதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததனால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

ஆகவே தம்பி, என் பதில்: வேண்டாம். முதன்முறை வாசிக்கிறவருக்கு நான்கு பத்தி என்பது நான்கு தொலைக்காட்சித் தொடரை ஒரே இரவில் மாற்றி மாற்றிப் பார்க்கிற மாதிரி. மாற்குவில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம். ஒரு நாடாவைப் பக்க அடையாளமாக வையுங்கள், விட்ட இடத்தில் தொடருங்கள். அது முடிந்ததும் ஆதியாகமம். இல்லை, மக்ஷெயின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் குடும்பப் பத்தி இரண்டை ஓராண்டு, மற்ற இரண்டை மறு ஆண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். செயலி கூடாது, தாளில் மட்டும். அச்சிட்ட பிரதி என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை வந்து வாங்கிக்கொள்ளலாம். மற்றது எனக்கு ஜனவரிக்கு வேண்டும்.