பாதாளச் சாக்கடையா, தனிச் சுத்திகரிப்பா?

2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலின் ஓரங்களில் மனை வாங்குவோர், பாதாளச் சாக்கடைக் குழாய் வரும்வரை காத்திருப்பதா, மனைப்பிரிவுக்குள்ளேயே சிறு சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதா என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: குழாய் நீட்டிப்பில் தோண்டலும் சாலைச் சீரமைப்பும் அரசின் சுமை; தனி நிலையத்தின் மின்கட்டணமோ மாதந்தோறும் குடியிருப்போர் தலையில் விழும்.

நிலம்: கழிவுநீர் தேங்காமல் ஓட நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் வேண்டும்; அதற்குக் குழாய் சரிவாக இறங்க வேண்டும் என்பதால், வயலை நிரவிய பள்ளங்களில் நீரேற்று நிலையமின்றிக் குழாய் பயன்படாது. இரு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் நிலத்தடி நீர், குழாய் மூட்டுகள் வழியே உள்ளே கசிந்து, மேன்ஹோல் மூடியையே தள்ளிக் கொப்பளிப்பதும் உண்டு. தனி நிலையத்தின் காலித் தொட்டியையும் அதே நீர் மேலே தூக்கப் பார்க்கும்.

ஆயுள்: குழாய் பல பத்தாண்டுகள் உழைக்கும், மோட்டார் உழைக்காது.

கோட்டாறு, வடசேரி போன்ற நெருக்கமான பகுதிகளை ஒட்டிய மனைகளுக்குக் குழாயே ஏற்றது. வயல் நடுவே தள்ளி நிற்கும் ஐம்பது வீடுகளுக்கு, பராமரிப்புப் பொறுப்பைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தால், தனி நிலையம் போதும்.