ஷாட்டன்ஹைமரா, காஃப்லினா?

அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளரை எடைபோடும்போது முதலில் எண்ணுவது சூப்பர் பவுல் மோதிரங்களைத்தான், அதாவது சீசனின் இறுதிப் போட்டியை ஜெயித்தவர்களுக்குத் தரும் மோதிரங்களை. ஒஹாயோ மாநிலத்துக் கான்டனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் (இந்த ஆட்டத்தின் சாதனையாளர்களுக்கான நினைவகம்) சிலை கிடைக்க அதுதான் நேர்வழி. ஆனாலும் தலைமைப் பயிற்சியாளராக 2 மோதிரம் வாங்கிய டாம் காஃப்லினும், ஒன்றுகூட இல்லாத மார்ட்டி ஷாட்டன்ஹைமரும் 2025 வரை உள்ளே போகவில்லை. ஒருவருக்குத்தான் இடம் என்றால் யாருக்குக் கொடுப்பது?

காஃப்லினின் பலத்தைச் சொல்ல 2007 சீசனின் கடைசி வாரம் போதும். அவருடைய நியூயார்க் ஜயன்ட்ஸ், லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றாகிவிட்டது. எதிரே அதுவரை தோற்காத பேட்ரியட்ஸ் அணி. முன்னணி வீரர்களை உட்காரவைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எல்லோரையும் இறக்கினார். 38-35 என்று தோற்றாலும், இவர்களோடு மோத முடியும் என்ற தெம்பு அணிக்கு அன்றுதான் வந்தது என்று நினைக்கிறேன். தம்பா பே, டல்லஸ், கிரீன் பே என மூன்று அணிகளை அவரவர் மைதானத்திலேயே வீழ்த்தி, ஐந்து வாரம் கழித்து சூப்பர் பவுலில் அதே பேட்ரியட்ஸை 17-14 என்று சாய்த்தார்கள். 2011 சீசனின் சூப்பர் பவுலிலும் அதே எதிராளி, அதே முடிவு.

ஆனால் அந்த உச்சங்களுக்கு நடுவே பள்ளங்களும் உண்டு. லீக் ஆட்டங்களில் அவர் கணக்கு 170 வெற்றி, 150 தோல்வி. ஜயன்ட்ஸில் கடைசி 4 ஆண்டும் பிளேஆஃபை எட்டவில்லை.

ஷாட்டன்ஹைமர் இதற்கு நேர் எதிர். லீக் ஆட்டங்களில் 200 வெற்றி, 126 தோல்வி, 1 டிரா. 21 சீசன்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவை இரண்டே இரண்டு. 2001-ல் வாஷிங்டன் அணி முதல் 5 ஆட்டங்களையும் தோற்றது. மிச்சமிருந்த 11-ல் 8-ஐ ஜெயிக்க வைத்தார். மோதிரக் கணக்கில் இந்த மாதிரி உழைப்புக்கு இடமே இல்லை. பிளேஆஃபில் மட்டும் 5 வெற்றி, 13 தோல்வி. இதைப் பூசி மெழுக முடியாது. பெரிய ஆட்டங்களில் துணிந்து ஆடாமல் பந்தோடு ஓடுவதையும் தடுப்பாட்டத்தையும் நம்பினார் என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது.

ஆனாலும் 2007 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். 14 வெற்றிகளோடு வந்த அவருடைய சான் டியாகோ சார்ஜர்ஸ், பேட்ரியட்ஸுக்கு எதிராக 21-13 என முன்னிலை. ஆறரை நிமிடம்கூட மிச்சமில்லை. நான்காவது டவுனில், அதாவது பேட்ரியட்ஸின் கடைசி முயற்சியில், அவர்களுடைய டாம் பிரேடி வீசிய பந்தை சார்ஜர்ஸின் மார்லன் மெக்ரீ பிடித்துவிட்டார். மெக்ரீ அப்படியே தரையில் விழுந்திருந்தால் பந்து சார்ஜர்ஸுக்கு. அவர் ஓடினார், பேட்ரியட்ஸின் டிராய் பிரவுன் பந்தைத் தட்டிப் பறித்தார், அது திரும்பப் பேட்ரியட்ஸிடமே போய்ச் சேர்ந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 24-21 என்று தோல்வி, அடுத்த மாதம் பதவிநீக்கம். அந்த ஒரு விநாடியில் பயிற்சியாளரின் தவறு எது?

மோதிரம் இல்லாதவருக்கு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டான் கோரியல் என்ற பயிற்சியாளர் சூப்பர் பவுல் வரை போனதே இல்லை, லீக் வெற்றிகளும் 111 மட்டும்தான். பந்தை வீசி ஆடும் முறையையே மாற்றியவர் என்பதற்காக 2023-ல் சேர்த்தார்கள். சரியான முடிவு. புதிய சிந்தனைக்கு அந்த மரியாதை உண்டென்றால், ஆட்களை உருவாக்கியதற்கு ஏன் இல்லை? ஷாட்டன்ஹைமரிடம் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்த பில் கவர், டோனி டங்கி, மைக் மெக்கார்த்தி, புரூஸ் ஏரியன்ஸ் நால்வருமே பின்னாளில் தலைமைப் பயிற்சியாளர்களாகச் சூப்பர் பவுல் ஜெயித்தார்கள். குருவுக்குக் கிடைக்காதது சீடர்களுக்கு நான்கு முறை கிடைத்தது.

என் ஓட்டு ஷாட்டன்ஹைமருக்கே. காஃப்லினின் அந்த இரண்டு குளிர்காலங்களை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனால் போன அணியை எல்லாம் தூக்கி நிறுத்தியவர் ஷாட்டன்ஹைமர். தயங்க வைப்பது ஒன்றுதான்: ஷாட்டன்ஹைமர் 2021 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். காஃப்லினைத் தேர்ந்தெடுத்தால் மேடையேறித் தன் சிலையைத் தானே தொட்டுப் பார்ப்பார். அதை நினைத்தால் கை கொஞ்சம் நிற்கிறது. பிறகு அந்த 200-ஐப் பார்க்கிறேன், மார்ட்டியின் பெயரையே எழுதுகிறேன்.