வீட்டில் போக்கர் ஆடுகிறவர்களுக்கு: எதிராளியின் இரண்டு சீட்டையும் பார்க்காமல் உங்கள் சீட்டைக் கழிக்காதீர்கள்

வாராவாரம் என் வீட்டில் போக்கர் நடக்கும். ஆறு பேர், ஒரு மேசை, டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, எல்லாருக்கும் பொதுவாக மேசையில் ஐந்து. இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் ஒருவருடைய 'கை'. ஆளுக்கு 200 பாயிண்டுக்குச் சிப் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை), தோற்றுவிட்டால் மறுபடி ஒரு 200. பல வருடமாக ஆடினோம். விதி என்று எதையும் உட்கார்ந்து பேசியதில்லை, பேசவேண்டிய தேவையும் வந்ததில்லை. யாராவது சிப்பைத் தவறாக வைத்துவிட்டால் "எடுத்துக்கோ, பரவாயில்லை" என்போம். முறை தப்பிப் பேசினால் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவோம்.

எங்களில் ஒருவர் வேலை மாறிப் போனதும் ஓர் இடம் காலியானது. இன்னொரு நண்பர் தனக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார். நன்றாகப் பேசுகிறவர், ஆட்டமும் தெரிந்தவர். மூன்று வாரம்தான் வந்தார். அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் விதி எழுதிவைக்காத ஒரு மேசை இருக்கலாம்.

கடைசியில் நடந்ததை முதலில் சொல்கிறேன். இது யாருக்கும் நடக்கக்கூடியது.

மூன்றாவது வாரம். என் கையில் கிளாவர் ஏஸும் டைமண்ட் பத்தும். மேசையில் விழுந்த ஐந்து சீட்டு: ஹார்ட்டின் பத்து, ஹார்ட்டின் ஏழு, கிளாவர் மூன்று, பிறகு ஸ்பேடு பத்து, கடைசியாக ஹார்ட்டின் இரண்டு. அதாவது எனக்கு மூன்று பத்து, கூடவே ஏஸ். நல்ல கை. பயம் ஒன்றுதான், மேசையில் மூன்று ஹார்ட்டின் கிடக்கிறது. எதிரில் இருப்பவர் கையில் இரண்டு ஹார்ட்டின் இருந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனச் சீட்டு, நான் காலி. மற்ற நான்கு பேரும் முன்பே ஃபோல்ட் செய்துவிட்டார்கள், அதாவது சீட்டைப் போட்டு விலகிவிட்டார்கள். கடைசிச் சீட்டுக்குப் பிறகு அந்தப் புதியவர் பெரிய பெட் (பந்தயத் தொகை) வைத்தார். யோசித்துவிட்டு கால் சொன்னேன், அதாவது அதே தொகையை நானும் வைத்தேன். அந்த மாதத்திலேயே அவ்வளவு பெரிய குவியல் நடுவில் சேர்ந்ததில்லை.

அவர் ஹார்ட்டின் ராஜாவை மட்டும் திருப்பிப் போட்டார். இன்னொரு சீட்டைக் குப்புற விரலுக்கடியில் வைத்துக்கொண்டே "ஃப்ளஷ்" என்றார். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. நான் பெருமூச்சு விட்டு என் இரண்டு சீட்டையும் குப்புறவே, கழித்த சீட்டுகளின் மேல் எறிந்தேன். பக்கத்தில் இருந்தவர் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது சீட்டைத் திருப்பினார். டைமண்ட் ராஜா. "அடடா, சிவப்பாக இருந்ததால் ஹார்ட்டின் என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கணும்" என்றார். அவரிடம் இருந்தது ராஜா ஜோடி, மேசையில் இருந்த பத்து ஜோடியோடு சேர்த்து இரண்டு ஜோடி. என் மூன்று பத்துக்கு முன்னால் அது நிற்காது. ஆனால் என் சீட்டு கட்டோடு கலந்துவிட்டது. "எனக்கு மூன்று பத்து இருந்தது" என்றேன். "இருந்திருக்கலாம், ஆனால் நீங்கள் சீட்டைப் போட்டுவிட்டீர்களே" என்றார். இரண்டு கையாலும் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு தேடிப் படித்தேன். போக்கர் போட்டிகளுக்குப் பொது விதிகளை வகுக்கும் டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு 2001 முதல் இருக்கிறது. அவர்கள் விதிப்படி, முடிவில் சீட்டுதான் பேச வேண்டும். வாயால் "ஃப்ளஷ்" என்று சொல்வதற்கு மதிப்பு கிடையாது, இரண்டு சீட்டும் திறந்து மேசையில் கிடந்தால் அந்தக் கை என்னவோ அதுவே செல்லும். வேண்டுமென்றே கையைத் தவறாகச் சொல்கிறவருக்குத் தண்டனையும் கொடுக்கலாம். ஆனால் அதே உலகத்தில், தன் சீட்டைத் தானே கழித்து அது கட்டோடு கலந்துவிட்டால், அந்தக் கை செத்த கைதான். சூதாட்ட அரங்குகளில் இந்த மாதிரி வேலைக்கு 'ஆங்கிள்' என்று பெயர் உண்டு. விதியை நேரடியாக உடைக்க மாட்டார்கள், விதியின் ஓரத்தில் நின்று இன்னொருவரைத் தவறு செய்யவைப்பார்கள்.

உண்மையிலேயே தவறாகப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்று இரவு நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சிவப்புச் சீட்டில் கண் ஏமாறுவது உண்டுதான். ஆனால் ஒரு சீட்டை மட்டும் காட்டி, மற்றதை நான் கழிக்கும்வரை விரலுக்கடியில் வைத்திருந்ததை எந்தக் கண் கோளாறும் விளக்காது. முந்தைய இரண்டு வாரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது.

முதல் வாரம், ஆட்டம் முடிந்து சிப்பை எண்ணினேன். ஆறு பேருக்கு 1200, இடையில் நான்கு முறை மறுபடி வாங்கியது 800, ஆக 2000 பாயிண்ட் வெளியே போயிருந்தது. திரும்பி வந்தது 1700. மூன்று கறுப்புச் சிப், அதாவது நூறு மதிப்புள்ளவை, காணவில்லை. மேசைக்கடியில், நாற்காலி இடுக்கில் எல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. பணப்பெட்டியில் 300 பாயிண்டுக்கான காசு மிச்சம் இருந்ததால் யாருக்கும் கவலை இல்லை. ஆளுக்கு 50 என்று பிரித்துக்கொண்டோம். அவரும் தன் பங்கு 50-ஐ வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் நான் கறுப்புச் சிப்பை வெளியே எடுக்கவே இல்லை. முந்தைய வாரம் தொலைந்த எரிச்சலில், 25-க்கு மேல் எதுவும் வேண்டாம் என்று பெட்டியிலேயே வைத்துவிட்டேன். மொத்தம் 1600 கொடுத்திருந்தேன். முடிவில் எண்ணினால் 1900. எல்லாரும் கிளம்பும் அவசரத்தில் அவர் என் முன்னால் நகர்த்திய அடுக்கின் நடுவில் மூன்று கறுப்புச் சிப் இருந்தது. "யாரோ சில்லறை மாற்றினார்கள்" என்றார். அத்தனை பேர் முன்னால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெட்டியில் இல்லாத 300-ஐ என் கையிலிருந்து கொடுத்தேன்.

ஜெயித்த சிப்பை ஆட்டம் நடக்கும்போதே சட்டைப்பைக்குள் போடுவது சின்ன விஷயம் இல்லை. போக்கரின் அடிப்படையே, உட்கார்ந்திருக்கும்வரை உங்கள் முன்னால் இருக்கும் மொத்தமும் பந்தயத்தில் இருக்கிறது என்பதுதான். ஒரு கை நடக்கும்போது புதிதாகப் பணம் சேர்க்க முடியாது, ஜெயித்ததை எழுந்து போகும்வரை எடுக்கவும் முடியாது. நான் ஒருவரிடம் பெரிய தொகை தோற்றால், அதைத் திரும்ப ஜெயிக்கும் வாய்ப்பு அந்த இரவு முழுக்க எனக்கு இருக்க வேண்டும். அவர் அதில் பாதியைப் பைக்குள் ஒளித்துவிட்டால் நான் முழுதாகப் பணயம் வைக்கிறேன், அவர் பாதிதான் வைக்கிறார். காசு வாங்கிச் சிப் கொடுக்கும் 'வங்கி'யைப் பார்க்கிறவருக்கு அது தனி நஷ்டம். அதை நான் அனுபவித்துவிட்டேன்.

அவர் பெட் வைக்கும் விதமும் அப்படித்தான். ஐம்பதை எடுத்து முன்னால் வைப்பார். கை சிப் அடுக்குக்குத் திரும்பிப் போகும், கண் எதிராளியின் முகத்தில் இருக்கும். எதிராளி முகம் வாடினால் "அதோடு இன்னும் நூறு" என்பார். எதிராளி உற்சாகமாகச் சிப்பைத் தொட்டால் ஐம்பதோடு நிறுத்திக்கொள்வார். 'ஸ்ட்ரிங் பெட்' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. தொகையை வாயால் முதலில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரே தடவையில் சிப்பை நகர்த்த வேண்டும். முதல் தடவை எவ்வளவு போனதோ அதுதான் பெட். எங்களுக்கு இது தெரியவே தெரியாது. இன்னொன்று, ஒருவர் பெட் வைத்த பிறகு ஒரே ஒரு பெரிய சிப்பை எதுவும் சொல்லாமல் வைத்தால் அது கால் மட்டும்தான், ரெய்ஸ் (தொகையைக் கூட்டுவது) ஆகாது. இதிலும் அவர் தனக்குச் சாதகமான பக்கத்தையே அந்தந்த நேரத்தில் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இடையில் "எழுதிக்கொள்ளுங்கள், கிளம்பும்போது தருகிறேன்" என்று இரண்டு முறை, மொத்தம் 400 பாயிண்டுக்குச் சிப் வாங்கியிருந்தார். ராஜா ஜோடிக் கைக்குப் பிறகு போன் வந்தது என்று எழுந்தார். தன் முன்னால் இருந்த சிப்புக்கு முழுத் தொகையை வாங்கிக்கொண்டார், கடனை அடுத்த வாரம் என்றார். அவ்வளவுதான், அப்புறம் வரவில்லை.

போனில் கேட்டேன். "நான் எந்த விதியை மீறினேன் என்று சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நாங்கள் எதையும் சொல்லிவைத்திருக்கவில்லை. நல்லவர்களாக இருக்கும்வரை விதி தேவைப்படவில்லை. வெட்கப்படாத ஒருவர் வந்து உட்கார்ந்ததும், சொல்லிவைக்காத எல்லா இடமும் அவருக்குச் சொந்தமாகிவிட்டது.

இப்போது மறுபடி ஆடுகிறோம், ஒரே ஒரு பக்கத் தாளோடு. அதை எழுத இரண்டு இரவு ஆனது. முதல் வரி, முடிவில் இரண்டு சீட்டும் திறந்து மேசையில் கிடந்தால்தான் சிப் நகரும். யார் எதைச் சொன்னாலும் காதில் வாங்கக்கூடாது. கால் செய்தவர் பார்க்கும்வரை தன் சீட்டை விடக்கூடாது. நான் இப்போது என் சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்கிறேன், கை தானாக எறிந்துவிடாமல் இருக்க. முடிவில் யார் முதலில் காட்டுவது என்பதிலும் குழப்பம் வேண்டாம். கடைசியாக பெட் வைத்தவர்தான் முதலில் திறக்க வேண்டும். ஜெயித்தது தெரிந்தும் நிமிடக்கணக்கில் இழுத்துக் காட்டுவதை விதியில் எழுதவில்லை, ஆனால் எங்கள் மேசையில் அதை யாரும் செய்ய வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றவரை இன்னொரு முறை தோற்கடிப்பது போன்றது அது.

வங்கியை ஒருவரே பார்ப்பது, காசு கைக்கு வந்த பிறகே சிப் கொடுப்பது, ஒவ்வொரு கொடுக்கலையும் எல்லார் கண்ணிலும் படும் தாளில் குறிப்பது. கடன் அறவே கிடையாது. கடன் கேட்டவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, ஆனால் சிப் வெளியே இருந்தால் அதற்கான காசு உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் கொடுக்கிறவர் வீட்டுக்காரர்தான். பெரிய சிப் அடுக்கின் முன்பக்கம் தெரிய வேண்டும். எத்தனை மணிக்கு முடியும் என்பதை முதலிலேயே சொல்லி, கடைசி மூன்று சுற்று என்று அறிவித்துவிடுகிறோம். எண்ணிக்கை சரியாக வரும்வரை யாருக்கும் காசு போகாது. மிச்சம் வந்தால் பிரிப்பதில்லை, அடுத்த வாரத்துக்குப் பெட்டியில் இருக்கும். நாங்கள் முதல் வாரமே அப்படிச் செய்திருந்தால் அந்த 300 என் கையிலிருந்து போயிருக்காது.

சீட்டு விஷயத்தில் அவர் ஏதாவது செய்தாரா என்பது எனக்குத் தெரியாது, அதனால் பழி போடமாட்டேன். ஆனாலும் பின்பக்கம் வேறு நிறமுள்ள இரண்டு கட்டு வைத்துக்கொண்டோம். ஒன்று ஆட்டத்தில் இருக்கும்போது மற்றது கலைபடும். கலைப்பவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர், அடியில் ஒரு வெற்று அட்டை. அடிச் சீட்டு யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் அந்த அட்டை. டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 52 சீட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் கலைக்கும் முறையில் சுமார் 7 தடவை செய்தால்தான் கட்டு நன்றாகக் கலைகிறது. நாங்கள் அதுவரை இரண்டு தடவைதான் கலைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும். ஃபோல்ட் செய்தவர் "ஐயோ, நான் ஏழாம் எண் சீட்டை அல்லவா போட்டேன்" என்று கை நடக்கும்போதே சொல்லக்கூடாது, அந்த ஒரு வாக்கியம் இன்னொருவரின் முடிவை மாற்றிவிடும். கையில் சீட்டு இருக்கும்போது போன் கிடையாது.

தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அன்று என் வீடு, என் மேசை, ஆனால் அந்தக் கையில் நானே ஒரு கட்சி. எனக்குச் சாதகமாக நானே எப்படித் தீர்ப்பு சொல்வேன்? மற்ற நால்வரும் சங்கடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போது அந்தக் கையில் இல்லாதவர்களில் இருவர் சொல்வதே முடிவு. அன்று இரவு அதை மறுபடி பேசுவதில்லை. வேண்டுமானால் அடுத்த வாரம் ஆட்டம் தொடங்கும் முன் விதியை மாற்றலாம்.

புதியவர் வந்தால் முதல் சீட்டு போடும் முன் தாளை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். முகம் சுளிப்பார்களோ என்று பயந்தேன். இதுவரை வந்த இருவருமே நிம்மதியாகத்தான் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செலவுக்கு என்று குவியலிலிருந்து வீட்டுக்காரர் பங்கு எடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். நண்பர்களுக்குள் ஆடும் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் பல நாடுகளின் சட்டம், வீட்டுக்காரர் பங்கு எடுத்தால் அதைச் சூதாட்ட விடுதியாகவே பார்க்கிறது. பணத்துக்கு ஆடுவதே உங்கள் இடத்தில் அனுமதியா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெறும் பாயிண்டுக்கு ஆடுங்கள், மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்.

அந்த 400 வரவில்லை, இனி வராது. அவரை அழைத்து வந்த நண்பரும் அன்றிலிருந்து வரவில்லை. தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறார். அவர் மேல் எங்கள் யாருக்கும் கோபம் இல்லை, இரண்டு முறை நேரில் போய்ச் சொன்னேன். போன வாரம் தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி, ஆறாவது நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதினேன். பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.