ஒரே மைக்கா, ஆளுக்கொரு மைக்கா?

புளூகிராஸ் என்பது பேஞ்சோ, மாண்டலின் போன்ற கம்பிக் கருவிகளில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை. அதைத் தொடங்கிவைத்த பில் மன்ரோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பேஞ்சோவோடு வந்து சேர்ந்தது 1945 டிசம்பரில். அந்தக் காலத்துப் புளூகிராஸ்காரர்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்றே வாசித்தார்கள். இன்றைய இளம் குழுக்களும் பழைய பாணி என்றால் அதைத்தான் ஆசைப்படுகின்றன. எனக்கும் அதுவே பிடிக்கும்.

பார்க்கவே அழகு. மாண்டலின்காரர் தோளைச் சாய்த்து உள்ளே நுழைய, அதே நொடியில் பேஞ்சோ பின்வாங்கும். ஃபிடிலின், அதாவது வயலினின், வில் யார் கண்ணையும் குத்தாமல் மேலே எழும். அரை அடி முன்னே வந்தால் சத்தம் கூடும், விலகினால் குறையும். வால்யூம் பட்டன் காலில் இருக்கிறது என்று சொல்லலாம். மூன்று பேர் சேர்ந்து பாடும்போது பக்கத்துக் குரல் நேராகக் காதில் விழுவதால் சுருதி சேர்வதும் எளிது.

சரி, சிக்கல்? பேஸ் என்ற பெரிய, கனத்த ஒலிக் கம்பிக் கருவி அடங்கிப்போகும், அதற்கு மட்டும் தனியாக ஒரு மைக் வைப்பவர்கள் உண்டு. கூட்டம் இரைச்சலாக இருந்து சத்தத்தை ஏற்றினால் மைக் கூவத் தொடங்கிவிடும். ஒத்திகை போதாத குழு முட்டி மோதிக்கொள்ளும்.

ஆளுக்கொரு மைக் என்றால் இந்தத் தொல்லை குறைவு. திறந்தவெளித் திருவிழாவுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அதுதான் சரி. ஆனால் ஆள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சத்தத்தின் பிடியும் ஒலியமைப்பாளர் கைக்குப் போய்விடும். டிரம்ஸ் இல்லாத இந்த இசையில் மாண்டலின் கம்பிகளை மீட்டி உடனே அடக்கும் 'சக்' வெட்டுதான் தாளம் என்று தெரியாதவர் அதைக் குறைத்துவைத்தால், அவ்வளவுதான்.

ஒத்திகைக்கு மட்டும் எப்போதும் ஒரே மைக்.